தொண்டை கட்டாமல் பாடம் நடத்த வைத்தவர்களுக்கு

சோமனூர்ப் பக்கத்து எங்கள் ஊர்க்காரர்களுக்கும் பள்ளிக்கூடத்தாருக்கும் வணக்கமுங்க.

மாறுதல் கலந்தாய்வில் எனக்குக் கோபிப் பக்கம் இடம் கிடைத்துவிட்டது. கிளம்புகிற அவசரத்தில் எல்லார் வீட்டுக்கும் வந்து சொல்லிக்கொள்ள முடியவில்லை, அதனால் இந்த மடல். பிரிவு விழாவில் பேசிய பலரும் 'டீச்சர் கிளாஸ்ல சத்தமே கேக்காது, நல்ல கண்டிப்பு' என்று பாராட்டினீர்கள். அந்தப் பாராட்டில் பாதிக்கு மேல் எனக்குச் சேராது. யார் யாருக்குச் சேரும் என்று சொல்லிவிட்டே போகிறேன்.

முதல் நன்றி ஒரு தறிக்கார அக்காவுக்கு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவனிடம் ரப்பர் கேட்பதே அடுத்த வீதிக்குக் கேட்கும். சண்டையெல்லாம் இல்லை, பேச்சே அப்படித்தான். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அக்காவிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டார். 'ஏனுங் டீச்சர், ஊட்டை ஒட்டியே தறி ஓடுது. கத்துனாத்தானுங்க காதுல விழுகும்.' அதோடு விடாமல் என்னைத் தறிக்குடோனுக்கும் கூட்டிப்போனார்.

அங்கே அவர் ஒருவரே ஆறு தறி பார்க்கிறார். எந்தத் தறி முன்னாலும் நின்றுகொண்டே இருப்பதில்லை, நடந்துகொண்டே இருக்கிறார். பாவில் ஓர் இழை அறுந்தால் அந்தத் தறியை மட்டும் நிறுத்தி, முடிச்சைப் போட்டு மறுபடி ஓட்டிவிடுகிறார். மற்ற ஐந்தும் தம் பாட்டுக்கு ஓடுகின்றன. முடிச்சுப் போடும்போதும் அவர் கண் அந்த ஐந்தின் மேலேயேதான் இருந்தது. ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்பறைகளை வீடியோ எடுத்து ஆராய்ந்து, 1970-ல் இதைத்தான் சொன்னார். குறும்பு நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில் பெரிய வித்தியாசம் இல்லையாம். அதற்கு முன்னால் வகுப்பு மொத்தத்தையும் கண்ணில் வைத்து, பாடம் தடைப்படாமல் எப்படிக் கொண்டுபோகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறதாம். அக்கா அதை இரண்டு தறிக்கு நடுவில் நின்று காட்டிவிட்டார். அன்றிலிருந்து என் நாற்காலி நோட்டுகள் அடுக்கத்தான் பயன்பட்டது. பேசுகிறவன் பக்கத்தில் போய் டெஸ்க்கில் ஒரு விரல் வைப்பேன், அவ்வளவுதான். பாடம் நிற்காது.

அடுத்து எங்கள் தலைமையாசிரியர். 'கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்' என்று சொல்லிப் பிள்ளையை விட்டுப்போகும் அப்பாக்கள் நம் ஊரில் இன்னும் உண்டு. அன்பால்தான் சொல்கிறார்கள், தெரியும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அவர் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவைப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பிள்ளையின் உடலை வருத்துவதும் மனதை வருத்துவதும் சட்டப்படி கூடாது என்று புரியவைத்தார். பிரம்பை எடுத்து வைக்கச் சொல்வது லேசு. அதற்குப் பதிலாக எதைச் செய்வது என்றல்லவா ஆசிரியருக்குத் தெரிய வேண்டும்? அதற்கு அவர் ஜூன் மாதத்தைக் கொடுத்தார். பள்ளி திறந்ததும் பாடத்தை விரட்ட வேண்டாம், பழக்கத்தை முதலில் போடுங்கள் என்றார். நோட்டை எப்போது எடுப்பது, பென்சில் சீவிய தூளை எங்கே கொட்டுவது, கணக்கை முதலில் முடித்தவன் என்ன செய்வது, தண்ணீர் குடிக்க எத்தனை பேர் சேர்ந்து போகலாம் என்று எல்லாவற்றையும் செய்து பழகினோம். பார்வைக்கு வந்த அதிகாரி 'பாடம் எதுவரைக்கும் போயிருக்கு?' என்று கேட்டபோது, பதிலைத் தலைமையாசிரியரே பார்த்துக்கொண்டார். ஆகஸ்டுக்குள் பாடமும் சரியாகிவிட்டது.

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களெல்லாம் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர் ஒரு வேடிக்கை செய்தார். எங்களையெல்லாம் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் உட்கார்ந்து செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்தார். கேள்வி கேட்டபின் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்று பார்க்கத்தான். மேரி பட் ரோ என்ற ஆராய்ச்சியாளர் 1970-களிலேயே இதை அளந்திருக்கிறார். ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு நொடிகூடப் பொறுப்பதில்லை. மூன்று நொடி பொறுத்தால் பதில் நீளும், வாயே திறக்காத பிள்ளையும் பேசும். வகுப்பில் மூன்று நொடி சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்!

காலையில் சமைக்கும் அக்காமார்களே, உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2023 ஆகஸ்டில் காலை உணவு நம் பள்ளிக்கு வந்தது. அதற்கு முன்னால் முதல் பாடவேளையில் வரும் சண்டையில் பாதி பசியால் வந்தது. அம்மாவும் அப்பாவும் ஷிப்டுக்குப் போய்விட்ட வீட்டுப் பிள்ளை வெறும் வயிற்றோடு வந்து யாரிடம் கோபத்தைக் காட்டும்? கிச்சடி சாப்பிட்ட கையோடு உட்காரும் பிள்ளையிடம் தனியாக ஒழுங்கு பேச வேண்டியதில்லை.

ஒடிசாவிலிருந்து வந்த பையனுக்குத் துணையாக உட்கார்ந்த பிள்ளைக்கும் நன்றி, கண்ணு. அவன் பாடம் நடக்கும்போது எழுந்து சுற்றியது மொழி புரியாமல்தான் என்று முதலில் கண்டுபிடித்தது நீதான். இப்போது மணி அடிப்பது அவன் பொறுப்பு. ஒரு நிமிடம் பிசகாது. கடகடவென்று ஓடிய ஃபேனைக் கழற்றிப் புதிது மாட்டிக்கொடுத்த தறி முதலாளி அண்ணாவுக்கும் நன்றிங்க. அந்த ஃபேனோடு போட்டி போட்டே பாதித் தொண்டை போயிருக்கும்.

புதிதாக வரும் டீச்சருக்கு: யார் எங்கே உட்கார்கிறார்கள் என்ற படம் பீரோ மேல்தட்டில் இருக்கிறது. மாதம் ஒருமுறை இடம் மாற்றுவோம். மறந்தால் பிள்ளைகளே ஞாபகப்படுத்துவார்கள். ஜன்னலோர இரண்டாம் பெஞ்சில் மட்டும் இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வைக்காதீர்கள். யார் அந்த இரண்டு பேர் என்று பக்கத்து வகுப்பு அக்கா சொல்லுவார்.

இப்படிக்கு,
உங்கள் ஐந்தாம் வகுப்பு டீச்சர்