கண்ணாடி கொடுத்த அக்காவுக்கும் கூட நின்ற எல்லோருக்கும்

அன்பானவர்களே,

கூட்டம் முடிந்து மூன்று நாள் ஆகிறது. கை நடுக்கம் இன்னும் முழுசாக நிற்கவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததும் சபையில் நடந்ததும் உங்களுக்கெல்லாம் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

முதல் நன்றி, பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்ட ஓர் அக்காவுக்கு.

நம் தென்னாப்பிரிக்காவின் புதிய திருமண மசோதா பற்றி மக்கள் கருத்துக் கேட்ட அந்த மண்டபத்தில் எனக்கு மூன்று நிமிடம் கிடைத்தது. ஆணும் பெண்ணும் சேர்ந்தால்தான் திருமணம் என்று அச்சடித்த வெள்ளைச் சட்டையோடு சபை சபையாக வந்திருந்தார்கள். அவர்களும் என் ஜனங்கள்தான். காத்திருந்த நேரத்தில் அவர்கள் பாடிய பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். என் எண்ணைக் கூப்பிட்டதும் கைப்பையைத் துழாவினேன். கண்ணாடி இல்லை, சமையலறை மேசையிலேயே விட்டிருக்கிறேன். நாலு ராத்திரி கண்விழித்து எழுதிய தாளில் எறும்பு ஊர்வது போலத்தான் தெரிந்தது.

பக்கத்து வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட அக்கா ஒருவர். அறுபது தாண்டியிருக்கும். நான் தவிப்பதைப் பார்த்து, தன் கண்ணாடியைக் கழற்றி, மஞ்சள் துணியால் இரண்டு பக்கமும் துடைத்து நீட்டினார். "போட்டுப் பாரும்மா. என் முறை உனக்கப்புறந்தான்." ஒரு காதுக்கம்பியில் பிளாஸ்டர் சுற்றியிருந்தது. பவர் கொஞ்சம் கூடுதல், எழுத்தெல்லாம் உப்பிக்கொண்டு வந்தது. நான் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. என் மகனும் அவன் கைப்பிடித்தவனும் எனக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் 1913ஐப் பற்றி வாசித்தேன். இங்கே கேப் நீதிமன்றத்தில், கிறிஸ்தவ முறையில் நடந்த கல்யாணமே செல்லும் என்று சியர்ல் நீதிபதி கொடுத்த தீர்ப்பால், தாலி கட்டி வாழ்ந்த நம் பாட்டிமார் சட்டத்தின் முன் மனைவிகள் இல்லை என்று ஆனார்கள். அதை எதிர்த்துச் சிறைக்குப் போனவர்களில் ஒருத்தி வள்ளியம்மை. பதினாறு வயது. வெளியே வந்த கொஞ்ச நாளில், 1914 பிப்ரவரி 22இல் கண்ணை மூடினாள். எங்கள் குடும்பம் அப்போது ஆண்டவரை அறியாத குடும்பம். ஆகவே நான் கேட்டது இவ்வளவுதான்: சபைக்குள் யாருக்குக் கல்யாணம் செய்து வைப்பது என்பதைச் சபை தீர்மானிக்கட்டும், ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணக்கலாம் என்ற 2006 சட்டமும் எந்தப் போதகரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அரசாங்கப் பதிவேட்டில் இன்னொருவர் பெயர் ஏறக் கூடாது என்று கிறிஸ்தவர்கள் நாம் கேட்கலாமா?

மண்டபம் சலசலத்தது. கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தேன். அதையே போட்டுக்கொண்டு போய் அக்கா ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தை வாசித்து, எனக்கு நேர் எதிராகப் பேசினார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். என் மனசு மாறவில்லை, அவருடையதும் மாறியிருக்காது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், 2006இல் நானும் அந்தப் பக்கம் நின்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவள். நாடாளுமன்றத்தில் 230க்கு 41 என்று சட்டம் நிறைவேறிய அன்று அழுதவள். அன்றைக்கு எதிர்ப்பக்கம் நின்ற ஒருவருக்கும் நான் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை.

அழைத்துப் போய் அழைத்து வந்த தம்பிக்கும், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் வாரம் தவறாமல் பீன்ஸ் கறியும் ரொட்டியும் வாசலில் வைத்துவிட்டுப் போன பக்கத்து வீட்டுக்காரருக்கும், பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு தினமும் போனில் ஜெபித்த இரண்டு போதகர்களுக்கும், என் தாளைத் திருத்திக் கொடுத்த பிள்ளைகளுக்கும் ரொம்ப நன்றி. உங்களை ஒரே வரியில் அடக்கியதற்குக் கோபிக்காதீர்கள்.

இனி யார் எனக்கு எதிராகப் பேசினாலும் முழுசாகக் கேட்காமல் எழுந்து போக மாட்டேன். இது ஆண்டவர் முன்னால் நான் வைத்த பொருத்தனை.

அக்கா, உங்கள் மஞ்சள் துணி என் வேதாகமத்துக்குள் சிக்கிக்கொண்டு வந்துவிட்டது. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். உங்களைத் தெரிந்தவர்கள் யாராவது இதை வாசித்தால் சொல்லட்டும், நானே கொண்டு வந்து தருகிறேன்.