பந்தயக் கதைகளைத் திருப்பித் தந்த அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

“குதிரைப் பந்தயத்தால் ஒரு குடும்பம் அழிந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். அதைக் கதையாக வேறு படிக்க வேண்டுமா?” என்று கேட்டுப் புத்தகத்தைத் திருப்பித் தந்தீர்கள். அன்று எனக்குப் பதில் வரவில்லை.

யார் எவ்வளவு ஜெயித்தார்கள் என்பது படித்த மறுநாளே மறந்துவிடுகிறது, அக்கா. மனதில் நிற்பது வேலியோரம் நிற்கும் பையன்தான்.

அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயின் ‘மை ஓல்ட் மேன்’ (என் அப்பா) கதையில் அப்பா ஒரு ஜாக்கி, பந்தயக் குதிரை ஓட்டுபவர். எடை கூடிவிடக் கூடாதென்று, வெயிலில் சட்டைமேல் சட்டை போட்டுக்கொண்டு ஓடுகிறார், கயிறு தாண்டுகிறார். மகனும் கூடவே ஓடுகிறான். பாரிசில் ஒரு பந்தயத்தின் முடிவை முன்கூட்டியே பேசி வைத்திருப்பது தெரிந்த பிறகும் அவன் அப்பாவை விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு, தடை தாண்டும் பந்தயத்தில் அப்பா விழுந்து இறக்கிறார். அழுதுகொண்டே போகும் பையனின் காதில், அவரை மோசடிக்காரர் என்று இருவர் பேசுவது விழுகிறது. 1922இல் ஹெமிங்வேயின் கையெழுத்துப் பிரதிகள் பாரிஸ் ரயில் நிலையத்தில் பெட்டியோடு களவு போயின. பத்திரிகைக்கு அனுப்பியிருந்ததால் இந்தக் கதை தப்பியது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் பதறுகிறது.

ஆங்கில எழுத்தாளர் டி.எச். லாரன்ஸின் கதையில் அம்மாவின் பணத் தாகத்தைத் தீர்க்க, ஒரு சிறுவன் மரக்குதிரையில் வெறியோடு ஆடி ஆடி, ஜெயிக்கப்போகும் குதிரையின் பெயரைக் கண்டுபிடிக்கிறான், உயிரையும் விடுகிறான்.

இன்னொரு அமெரிக்க எழுத்தாளர் ஷெர்வுட் ஆண்டர்சன் 1919இல் வெளியிட்ட கதைதான் எனக்கு மிகவும் நெருக்கம். கென்டக்கிப் பையன் ஒருவன் வீட்டுக்குச் சொல்லாமல், குதிரைப் பந்தயம் நடக்கும் சரடோகா ஊருக்குப் போகிறான். பந்தயத்துக்கு முன் ஒரு குதிரையைப் பயிற்சியாளர் கண் மின்னப் பார்க்கிறார். அந்தக் கணத்தில் அவரைத் தன் அப்பாவுக்கும் மேலாக நேசிக்கிறான். அன்றிரவு, ஒரு மோசமான வீட்டில், அதே மின்னலோடு அவர் ஒரு பெண்ணைப் பார்ப்பதை ஜன்னல் வழியே காண்கிறான்.

இங்கிலாந்தின் புகழ்பெற்ற குதிரைப் பந்தயமான எப்சம் டெர்பி ஏறக்குறைய 2,400 மீட்டர். இரண்டரை நிமிடம் போலத்தான் ஆகும். அவ்வளவு நேரமும் எந்தப் பெரியவராலும் தன் முகத்தை மறைக்க முடியாது. சிறுகதைக்கு அந்த முகம் போதும். அதைப் பார்க்க ஒரு பிள்ளை பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் குடும்பம் அழிந்தபோது உங்களுக்குப் பத்து வயது என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தோடு வருகிறேன். ஆண்டர்சன் கதையை மட்டும் முதலில் படியுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி