ஆர்டர் இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நெருக்கடி காலத்தில் தொழிலை நடத்திச் செல்பவருக்கு என்ன தகுதி வேண்டும் என்று தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். தொலைநோக்கு, துணிச்சல், புதிய சந்தை தேடும் வேகம் எல்லாம் வேண்டியவைதான். ஆனால் திருப்பூரில் பவர் டேபிள் எனப்படும் மின் தையல் மெஷின்களை வைத்து, ஏற்றுமதி நிறுவனங்கள் வெட்டித் தரும் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் எனக்கு, அவற்றுக்கு முன்னால் வர வேண்டிய ஒன்று விடுபட்டதாகத் தோன்றியது. கெட்ட செய்தியைத் தெரிந்த அன்றே சொல்லும் மனத்திடம் அது.

அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 7 அன்று 25 சதவீதமும், 27 அன்று மேலும் 25 சதவீதமுமாக இந்தியப் பொருள்கள் மீதான வரியைக் கூட்டியது. எங்கள் ஊர்ப் பின்னலாடை ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த நாட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் அப்போது இரண்டு நிறுவனங்களுக்கு, ஆளுக்குப் பாதி மெஷின்களை ஒதுக்கித் தைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு முதலாளி, இரண்டாவது வரி அமலாகும் முன்பே எங்களை அழைத்து ஆர்டர் தாளை மேசைமேல் விரித்தார். பையர், அதாவது ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு நிறுவனம், நிறுத்தச் சொன்ன ஸ்டைல்களைச் சிவப்பு மையால் சுழித்திருந்தார். "குழந்தைகள் டி-சர்ட் தீபாவளி வரை ஓடும். நைட் டிரஸ்ஸை நம்பி ஆள் வைக்காதீர்கள். பையர் தள்ளுபடி கேட்கிறான். அது என் பாடு, உங்கள் பீஸ் ரேட்டில் கைவைக்க மாட்டேன். தீபாவளிக்குப் பிறகு என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது" என்றார். தெரியாது என்று ஒரு முதலாளி வாய்விட்டுச் சொல்லி அன்றுதான் கேட்டேன். மறுநாளே எங்கள் ஊர்ச் சந்தையான காதர்பேட்டையின் உள்நாட்டு வியாபாரிகளிடம் போய் வேலை பேசினேன். கூலி குறைவுதான், ஆனால் மெஷின் நிற்கவில்லை.

மற்றவர், "வந்துவிடும், ஆளை விட்டுவிடாதீர்கள்" என்று செப்டம்பர் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒதுக்கிய ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்கள் சும்மா நின்றன. வாரச் சம்பளத்தைக் கடன் வாங்கிக் கொடுத்தேன். ஒடிசாவிலிருந்து வந்த டெய்லர்கள், ஊருக்கு டிக்கெட் எடுக்கலாமா, திரும்பி வந்தால் வேலை இருக்குமா என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. கடைசியில் வெட்டிய துணியும் வரவில்லை, பழைய பில்லுக்குப் பணமும் வரவில்லை. ஆர்டர் நின்றது அவருக்கு ஆகஸ்டிலேயே தெரியும் என்பதைப் பிறகு அவரிடம் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரே சொன்னார்.

உண்மையைச் சொன்னால் ஆள் ஓடிவிடுவார்கள் என்று இவரைப் போன்றவர்கள் பயப்படுகிறார்கள். 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும், 2020 ஊரடங்கையும் இந்த ஊரில் இருந்து பார்த்தவன் நான். ஊரடங்கில் வடமாநிலத் தொழிலாளர்கள் எல்லா இடத்திலிருந்தும்தான் போனார்கள். நிலைமையைச் சொல்லி, சாப்பாட்டுக்கும் பார்த்து, கணக்கு முடித்து அனுப்பிய கம்பெனிகளுக்கு அவர்கள் தம்பியையும் மச்சானையும் சேர்த்து அழைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

குறு, சிறு நிறுவனங்களின் பில்லை அதிகபட்சம் 45 நாள்களுக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால், பணம் கொடுக்கும் வரை அதைச் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிக்க முடியாது என்ற விதியும் 2023-24 நிதியாண்டிலிருந்து வந்துவிட்டது. ஆனாலும் கையிருப்பு குறையும்போது முதலில் நிறுத்தப்படுவது எங்கள் பில்தான். வங்கி வட்டி தவறாமல் போகிறது. நூல் மில்லுக்கும் போகிறது. பணம் கொடுப்பதில் யாரைக் கடைசி வரிசையில் வைக்கிறார் என்பதைக் கொண்டே நாங்கள் ஒரு முதலாளியை எடை போடுகிறோம்.

ஏற்றுமதியாளர் சங்கங்களுக்குத் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு கோரிக்கை: எந்த ஸ்டைல் உறுதி, எது சந்தேகம், எது ரத்து என்பதை உறுப்பினர்கள் மாதத் தொடக்கத்திலேயே எங்களைப் போல் கூலிக்குத் தைக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு எழுத்தில் தெரிவிக்க ஏற்பாடு செய்யுங்கள். ரத்தான ஆர்டருக்குத் தைத்து முடித்த பீஸ்களின் கூலியை அந்த மாதமே தீர்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பவர் டேபிள் உரிமையாளர் ஒருவர்,
திருப்பூர்.