ஆண்டு விழா நாடகம் தலையில் விழுந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஆண்டு விழா நாடகப் பொறுப்பை உங்களிடம் கொடுத்துவிட்டார்கள் என்று தொலைபேசியில் சொன்னீர்கள். குரலில் பாதி பெருமை, பாதி பீதி. "நன்றாக நடிக்கும் ஐந்தாறு பிள்ளைகளை எனக்குத் தெரியும் அக்கா, அவர்களை வைத்தே சமாளித்துவிடலாமா?" என்று கேட்டீர்கள். பதில் கொஞ்சம் நீளமானது என்பதால் எழுதுகிறேன். இதே கேள்வியோடு வேறு பள்ளிகளில் விழித்துக்கொண்டிருப்பவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் வைக்கிறேன். உங்கள் பெயரைப் போடவில்லை, பயப்படாதீர்கள்.

தாராளமாகச் சமாளிக்கலாம். ஆனால் வேண்டாம். அந்த ஐந்தாறு பேர் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். பேச்சுப் போட்டிக்கும் அவர்கள்தான், வினாடி வினாவுக்கும் அவர்கள்தான், வாசலில் விருந்தினரை வரவேற்க நிற்பதும் அவர்கள்தான். பரிசளிப்பில் ஒரே பெண் திரும்பத் திரும்ப மேடையேறி இறங்குவாள். ஏற ஏறக் கைதட்டல் மெலிந்துகொண்டே போகும். அவள் மீது எந்தக் குற்றமும் இல்லை. அவளுக்கு உங்கள் நாடகம் கிடைக்காமல் போனாலும் ஒன்றும் குறைந்துவிடாது. தன் வகுப்பைத் தாண்டி யாருக்கும் பெயர் தெரியாமலே பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுப் போகிறானே ஒருவன், நாடகம் அவனுக்குத்தான் வேண்டும். பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஏழாம் வகுப்புச் சிறுவனோடு ஒரு மணி நேரம் சேர்ந்து வேலை செய்யப் பள்ளிக்கூடத்தில் வேறு எங்கே வாய்ப்பு இருக்கிறது? பாடவேளைகள் வயதுவாரியாகப் பிரித்து வைத்திருப்பதை ஒத்திகைதான் கலைத்துப் போடுகிறது.

அதனால் நான் நாடகத்தை அளப்பது ஒரே கேள்வியை வைத்து: எத்தனை பேர் வராமல் போனால் இந்த நாடகம் நின்றுவிடும்? நாயகன் ஒருவன் வராவிட்டால் மட்டும் நிற்கும் என்றால் அது அவனுடைய நாடகம், பள்ளியினுடையது ஆகாது. கூட்டத்தை மேடையில் நிரப்பிவிட்டால் போதும் என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளாதீர்கள். அட்டை மரத்தைப் பிடித்தபடி முக்கால் மணி நேரம் நிற்கும் பிள்ளைக்குத் தன்னை யாரும் பொருட்படுத்தவில்லை என்பது நன்றாகவே தெரியும். வேலை சிறியதாக இருக்கலாம். ஆனால் அது இல்லாவிட்டால் காட்சி ஓடக்கூடாது.

இதை அழகாகச் செய்து காட்டியவர் ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன். பெருமழை வெள்ளத்திலிருந்து உயிர்களைக் காக்கும் பைபிளின் நோவாவின் பேழைக் கதையைப் பிள்ளைகளுக்கான இசை நாடகமாக எழுதினார். 1958 ஜூனில் ஆர்ஃபர்ட் என்ற ஊரின் தேவாலயத்தில் அது முதலில் அரங்கேறியது. தொழில்முறைக் கலைஞர்கள் சிலரே. மற்றவர்கள் எல்லாம் பிள்ளைகள். பிள்ளைகள் வாசிப்பதற்கான வயலின் பகுதியை அவர் மூன்று தரமாகப் பிரித்து எழுதினார். நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒன்று, நடுத்தரமானவர்களுக்கு ஒன்று. மூன்றாவது, விரலைத் தந்தியில் வைக்கவே இன்னும் சரியாகப் பழகாதவர்களுக்கு. பெரும்பாலும் வெறும் தந்திகளை மீட்டினாலே போதும். அந்த வெறும் தந்தி ஒலியும் இசைக்குத் தேவைப்படும்படி எழுதியிருந்தார் என்பதில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம். மழையின் முதல் துளிகளுக்குத் தேநீர்க் கோப்பைகளை வரிசையாகக் கயிற்றில் தொங்கவிட்டு மரக்கரண்டியால் தட்டச் செய்தார். இசையே கற்காத பிள்ளையும் அதைத் தட்டலாம். ஆனால் சரியான நொடியில் தட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் மழை தொடங்காது.

நாம் பிரிட்டன் இல்லைதான். ஆனாலும் நாடகத்தை முடிவு செய்துவிட்டு அதற்குப் பிள்ளைகளைத் தேடுவதைவிட, இருக்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு நாடகத்தை முடிவு செய்ய நம்மாலும் முடியும். தாகூரின் சாந்திநிகேதன் பள்ளியில் தொடக்க காலத்தில் படித்தவர்கள் பெரும்பாலும் பையன்களே. 1908-இல் அவர் அவர்களுக்காக எழுதிய சாரதோத்சவ் நாடகத்தில் ஒரு பெண் பாத்திரம்கூடக் கிடையாது. கையில் இருப்பதை வைத்துத்தான் அவரும் எழுதினார்.

தேர்வு செய்யும்போது ஒவ்வொருவராக முன்னால் நிறுத்தி வசனம் படிக்கச் சொல்லாதீர்கள். அதில் தேறுவது அதே ஐந்தாறு பேர்தான். நான்கு நான்கு பேராக விடுங்கள், வசனமே வேண்டாம். பூட்டிய அறைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், சாவி யாரிடமோ இருக்கிறது, அவ்வளவுதான். முகத்தைக் கோணிக்கொண்டு துடிப்பவனை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் அவனுக்குப் பக்கத்தில் இருப்பவளைப் பாருங்கள். அவன் என்ன செய்கிறான் என்று கவனித்து அதற்கு ஏற்ப ஒரு சின்ன அசைவை மாற்றுகிறாளா? மேடைக்கு அடிப்படையே அந்தக் கவனிப்புதான். வசனம் பிறகு தானாக வரும்.

சேர்ந்திசையும் உங்கள் பொறுப்புதான் என்றீர்கள். அதில் ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஏழாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புக்குள் பையன்களுக்கு மகரக்கட்டு உடையும். குரல்நாண்கள் நீண்டு தடித்து, குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். பெண் பிள்ளைகளின் குரலும் இந்த வயதில் மாறுகிறது. கொஞ்சமாக இறங்குவதால் யாரும் கவனிப்பதில்லை, சில மாதம் காற்று கலந்தாற்போல ஒலிக்கும். பையன்களுக்கோ பாட்டின் நடுவில் குரல் திடீரென்று எகிறும், பிறகு காணாமல் போகும். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அந்த நேரத்தில் ஆசிரியர்கள் சொல்லும் ஒரு வாக்கியம் இருக்கிறது: "நீ வாயை மட்டும் அசைத்தால் போதும்." ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் இந்த வாக்கியத்தை யார் சொன்னார், எந்த அறையில் சொன்னார் என்பதுவரை நினைவில் வைத்துக்கொண்டு என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு குளியலறையில்கூடப் பாடவில்லையாம்.

அப்படிப்பட்ட பையனுக்குக் குரல் போய்விடவில்லை, இடம் மாறிக்கொண்டிருக்கிறது. அவனைத் தனியாக அழைத்து, இன்றைக்கு எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரம்வரை சிரமமில்லாமல் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். சில நாட்களில் நான்கைந்து சுரங்கள்தான் தேறும். அந்த நான்கைந்துக்குள் நிற்கும் ஒரு வரியை அவனுக்காக அமைத்துக் கொடுங்கள். ஆதார சுருதியைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு வரியாகவே இருக்கட்டும், சேர்ந்திசைக்கு அதுவும் கனம்தான். அடுத்த மாதம் மறுபடி கேளுங்கள், வேறு சுரங்கள் வந்திருக்கும். எல்லோரையும் ஒரே கட்டையில் கத்த வைப்பதால்தான் பள்ளிப் பாடல்கள் பல தொண்டையை நெரித்தாற்போல ஒலிக்கின்றன.

ஒத்திகையில் பிள்ளைகள் கேள்வி கேட்டால் எரிச்சல்படாதீர்கள். நாள் நெருங்க நெருங்க எரிச்சல் வரும், தெரியும். ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்டுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 1930-இல் அவரும் இசையமைப்பாளர் குர்ட் வைலும் பள்ளி மாணவர்கள் நடிப்பதற்காகவே ஒரு சிறிய இசை நாடகத்தை உருவாக்கினார்கள். ஜப்பானின் 'நோ' என்னும் பழைய நாடக மரபைச் சேர்ந்த நாடகம் ஒன்றைத் தழுவியது. நோயுற்ற தாய்க்கு மருந்து வாங்குவதற்காக ஒரு சிறுவன் மலைப்பயணக் குழுவோடு சேர்ந்துகொள்கிறான். வழியில் அவனே நோயில் விழுகிறான். அப்படி விழுபவனைப் பள்ளத்தாக்கில் தள்ளிவிட்டுப் போவது பழைய வழக்கம். சம்மதமா என்று அவனைக் கேட்க வேண்டும், அவன் ஆம் என்று சொல்ல வேண்டும் என்பதும் வழக்கம். அவனும் ஆம் என்கிறான்.

பெர்லினில் கார்ல் மார்க்ஸ் பள்ளி மாணவர்களிடையே இந்த நாடகம் விவாதத்துக்கு வந்தது. அவன் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும், அந்த வழக்கத்துக்கு என்ன நியாயம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். பிரெக்ட் அதைக் காது கொடுத்துக் கேட்டார். நாடகத்தைத் திருத்தினார். அத்தோடு நிற்காமல், சிறுவன் முடியாது என்று சொல்லும் இன்னொரு நாடகத்தையும் எழுதினார். அதில் அவன், ஒவ்வொரு புதிய நிலைமையிலும் புதிதாக யோசிப்பதையே வழக்கமாக்குவோம் என்கிறான்; குழு அவனைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்புகிறது. ஊரறிந்த எழுத்தாளரே தன் நாடகத்தைத் திருத்தினார் என்றால், "இந்த ராணி ஏன் சார் அழுதுகொண்டே இருக்கிறாள்?" என்று எட்டாம் வகுப்புப் பெண் கேட்டதற்காக நாம் ஒரு காட்சியை மாற்றினால் மானம் போய்விடாது.

அடுத்தது சிறப்பு விருந்தினர். இங்கே என் வாய் சும்மா இருக்காது. 1689-இல் பிரான்சின் சான்-சீர் பள்ளியில், வறுமைப்பட்ட பிரபுக் குடும்பங்களின் பெண் பிள்ளைகள் நடிப்பதற்காகப் பிரெஞ்சு நாடகாசிரியர் ரசீன், 'எஸ்தர்' என்ற நாடகத்தை எழுதிக் கொடுத்தார். கேட்டு வாங்கியவர் பள்ளியை நிறுவிய மதாம் த மாந்தனான், பதினான்காம் லூயி மன்னரின் மனைவி. பிள்ளைகளின் பயிற்சிக்காகத் தொடங்கிய காரியம். மன்னர் வந்தார், பிறகு மீண்டும் வந்தார். மன்னர் வந்தால் அரசவை வராதா? அழைப்புக் கிடைப்பதே பெரிய கௌரவம் என்று ஆகிவிட்டது. பார்த்துப் பாராட்ட இத்தனை பெரிய மனிதர்கள் வந்தால் பிள்ளைகளின் தலை கனத்துவிடும் என்று கண்டனம் எழுந்தது. 1691-இல் ரசீனின் அடுத்த நாடகம் அதே பள்ளியில் மேடை அலங்காரமோ வேடமோ இல்லாமல், பிள்ளைகள் பள்ளிச் சீருடையிலேயே நடிக்க, சிலருக்கு மட்டும் காட்டப்பட்டது.

பயிற்சி காட்சிப்பொருளாக மாறுவதற்கு அங்கே ஓர் அரசனே வர வேண்டியிருந்தது. நம் பள்ளிகளுக்கு முன்வரிசையில் ஒரு சோபா போதும். அந்தச் சோபாவுக்காக நாடகம் பாதியில் நிறுத்தப்பட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியதைப் பார்த்திருக்கிறேன். அதற்குள் ஒப்பனை வியர்வையில் வழிந்துவிட்டது. தலைமை ஆசிரியரிடம் இப்போதே பேசிவிடுங்கள்: உரைகள் முதலில், நாடகம் பிறகு, தொடங்கினால் யாருக்காகவும் நிற்காது. விழா வாரத்தில் பேசினால் நடக்காது.

வசனத்தை முன்கூட்டியே பதிவு செய்து ஒலிபரப்பி, பிள்ளைகளை வாயசைக்க வைக்கும் யோசனையோடு யாராவது வருவார்கள். பெற்றோருக்குத் தெளிவாகக் கேட்கும் என்பார்கள். மறுத்துவிடுங்கள். மறந்து போவதும், மறந்ததைச் சமாளிப்பதும்தானே பிள்ளைகள் அங்கே கற்றுக்கொள்வது. கேட்கவில்லை என்றால் மைக்கைச் சரி செய்யுங்கள்: ஒலிபெருக்கிகள் மைக்குக்கு முன்னால், பார்வையாளர் பக்கம் திரும்பி இருக்கட்டும். ஒலிபெருக்கியின் சத்தம் மறுபடி மைக்குக்குள் போவதால்தான் அந்தக் காது கிழிக்கும் கூவல் வருகிறது.

மேடையின் பக்கவாட்டில் நின்று வசனம் எடுத்துக் கொடுக்க ஒரு பிள்ளையை நியமியுங்கள். என் கணக்கில் நாயகனைவிடக் கடினமான வேலை அது. முழு நாடகமும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேடையில் மௌனம் விழுந்தால் அது வேண்டுமென்றே விட்ட இடைவெளியா, மறதியா என்று ஒரு நொடியில் தீர்மானிக்க வேண்டும். கண்ணைப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள்: இடைவெளி விடுபவன் எதிரே நிற்பவரைப் பார்த்துக்கொண்டிருப்பான், மறந்தவனின் பார்வை மேலே போகும், அல்லது அவள் பக்கம் திரும்பும். அப்போது முதல் இரண்டு சொற்கள் போதும். முழு வாக்கியத்தையும் சொல்லத் தொடங்கினால் அவன் இன்னும் குழம்புவான்.

சாதனையாளர் பட்டியலைப் படிக்கும் பகுதியையும் உங்களிடமே தள்ளியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இரண்டு யோசனைகள் மட்டும். பெயர்களை அந்தந்தப் பிள்ளையிடமே கேட்டு, உச்சரிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுவதும் ஓடிப் பதக்கம் வாங்கியவளின் பெயரை மைக்கில் சிதைப்பது போன்ற அவமரியாதை வேறில்லை. இரண்டாவது, "இரண்டாம் இடம்" என்று மட்டும் படிக்காமல் என்ன செய்தாள் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். அறிவியல் கண்காட்சியில் பரிசு என்பது யார் மனதிலும் நிற்காது. மழைமானி செய்து மூன்று மாதம் தினமும் அளவெடுத்தாள் என்றால் கீழே உட்கார்ந்திருக்கும் சிறுவனுக்கு நாமும் செய்யலாமே என்று தோன்றும். ஆனால் யாரையும் "தோற்றுக்கொண்டிருந்தவன் தேறிவிட்டான்" என்று மேடையில் பாராட்டிவிடாதீர்கள். அந்தப் பாராட்டு அவனுக்கு வேண்டாம்.

பாத்திரங்களை முடிவு செய்ததும் பட்டியலை எனக்கு அனுப்புங்கள். திரை இழுப்பவர், விளக்குப் போடுபவர், வசனம் எடுத்துக் கொடுப்பவர் பெயரெல்லாம் நடிகர்கள் பெயரோடு ஒரே பட்டியலில் அகரவரிசையில் இருக்கட்டும். அழைப்பிதழிலும் அப்படியே அச்சிடச் சொல்லுங்கள். இடம் போதாது என்று அச்சகத்தில் சொன்னால், விருந்தினரின் பட்டங்களில் இரண்டைக் குறைக்கலாம்.

அன்புடன்,
அக்கா