முதல் கத்தி முடிந்தது: உதவிய எல்லோருக்கும் நன்றி

திருப்பாச்சேத்திப் பட்டறை ஆசாரி ஐயாவுக்கும் அவர் வீட்டு அம்மாவுக்கும், மானாமதுரை காயலான் கடை பாய்க்கும், பேக்கரி மாஸ்டர் அண்ணனுக்கும், மரவேலை மாமாவுக்கும், சாணை பிடிக்கும் தாத்தாவுக்கும் வணக்கம்.

கத்தி முடிந்துவிட்டது. ஆறு அங்குல அலகு, புளிய வயிரத்தில் பிடி. வீட்டில் அம்மா இப்போது அதில்தான் காய் நறுக்குகிறார். வருகிறவர்கள் "நீயே செய்ததா?" என்று கேட்கும்போது வெறுமனே ஆமாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யார் என்ன செய்தீர்கள் என்பது நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதான் இந்த மடல்.

பாய், குவிந்து கிடந்த பழைய லாரி வில்பட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்துச் சுத்தியலால் தட்டிக் காட்டினீர்கள். கணீரென்றால் நல்ல பட்டை. சத்தம் அடைத்தால் உள்ளே விரிசல். வருஷக்கணக்கில் பாரம் சுமந்த எஃகில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால், சூட்டோடு எண்ணெயில் தோய்க்கும்போதுதான் அது வாயைப் பிளக்கும். எடைக்கு மட்டும் காசு வாங்கினீர்கள். நின்று சொல்லிக்கொடுத்ததற்கு வாங்கவில்லை.

ஆசாரி ஐயா, உங்களுக்குச் சொல்லத்தான் நிறைய இருக்கிறது. அறுப்புக் காலம். கருக்கரிவாள் காய்ச்சி அடிக்க ஆட்கள் காத்திருந்தார்கள். அப்படியும் சுத்தியலை என் கையிலிருந்து நீங்கள் வாங்கவே இல்லை. எங்கே அடிக்க வேண்டுமோ அந்த இடத்தைக் குறட்டு நுனியால் தொட்டுக் காட்டுவீர்கள், அவ்வளவுதான். துருத்தி சுற்றியதும், தடித்த பட்டையைச் சம்மட்டியால் அடித்து மெலிய வைத்ததும் உங்கள் வீட்டு அம்மா. திருப்பாச்சேத்தி அரிவாள் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு வெட்டுக்குத்துதான் நினைவுக்கு வருகிறது. எனக்கு இனி அந்த அம்மாவின் தோள்தான் நினைவுக்கு வரும்.

அடித்த அலகைச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து, மறுநாள் வரை தொடக் கூடாது என்றீர்கள். மெதுவாக ஆறினால் எஃகு இளகும், அப்போதுதான் அரம் பிடிக்கும். பட்டறை ஏன் அத்தனை இருட்டாக இருக்கிறது என்பதும் தோய்க்கிற அன்று புரிந்தது: வெயிலில் நெருப்பின் நிறம் தெரியாது. சுமார் 770 டிகிரியில் எஃகில் காந்தம் ஒட்டாமல் போகும் என்று படித்துவிட்டு, நான் ஒரு காந்தத்தோடு வந்திருந்தேன். நீங்கள் கோவைப்பழ நிறத்தைப் பார்த்து "இப்போ வச்சுப் பாரு" என்றீர்கள். ஒட்டவில்லை. இன்னும் கொஞ்சம் நிறம் ஏறவிட்டு எண்ணெயில் இறக்கச் சொன்னீர்கள். இவ்வளவு மெல்லிய அலகுக்குத் தண்ணீர் ஆகாது என்று, வெதுவெதுப்பாக எண்ணெயை முன்னாலேயே எடுத்து வைத்திருந்தீர்கள். ஆறியதும் விளிம்பில் அரத்தை ஓட்டினால் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. எஃகு இறுகிவிட்டது. நாம் மூன்று பேரும் சிரித்தோமே, அதை மறக்க மாட்டேன்.

அப்படித் தோய்த்த எஃகு கடினமானது, ஆனால் கீழே விழுந்தால் ஒடியும். மறுபடி இளஞ்சூட்டில் வைத்துப் பதப்படுத்த வேண்டும். மாஸ்டர் அண்ணே, பன் எடுத்த பிறகு ஓவனைத் தந்தீர்கள். 200 டிகிரியில் 2 மணி நேரம், ஆறவிட்டு மறுபடியும் 2 மணி நேரம். "எண்ணெய் போகக் கழுவிட்டு வா" என்றதோடு சரி, வேறு கேள்வி இல்லை. தேய்த்த பக்கம் இளமஞ்சளாக மாறி வந்தது. அதுதான் வேண்டிய நிறம்.

மாமா, தோய்ப்பதற்கு முன்னாலேயே பிடி மாட்ட அலகில் துளை போட்டுவிடு என்று நீங்கள் சொன்னது எவ்வளவு பெரிய உதவி! பிறகென்றால் டிரில் ஏறியிருக்காது. ஒரே கட்டையில் அறுத்த இரண்டு சில்லுகள், பித்தளைக் கம்பி, அரால்டைட் பசை எல்லாம் உங்கள் கடையிலிருந்துதான். நறுக்கப்போவது அம்மா, அவர் கைக்குப் பார்த்து ராவு என்றீர்கள். அம்மாவைக் கூட்டிவந்து பிடித்துப் பார்க்கச் சொல்லி, அப்புறம்தான் கடைசி ராவல்.

மினுக்கும் வேலைதான் நீளமானது. 120, 220, 400, 600 என்று உப்புத்தாள் மாற்றி மாற்றி, ஒவ்வொரு தாளையும் முந்தியதற்குக் குறுக்காகத் தேய்த்து, பழைய கோடு முழுக்க மறைந்த பிறகே அடுத்தது. அடிப்பதில் உள்ள சந்தோஷம் இதில் கிடையாது என்பார்கள். எனக்கு இதுதான் பிடித்தது.

தாத்தா, சாணையில் விளிம்பு நீலம் பாய்ந்தால் பதம் போச்சு என்று, தொட்டுத் தொட்டுத் தண்ணீரில் நனைத்துப் பிடித்தீர்கள். தீட்டும்போது விளிம்பில் எழும் பிசிறை விரலால் தடவிப் பார்க்கவும் கற்றுக்கொடுத்தீர்கள்.

இதைப் படிக்கிற நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வேண்டுகோள். மண்வெட்டியோ அரிவாளோ மழுங்கினால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்காதீர்கள். பட்டறைக்குக் கொண்டுபோய்க் காய்ச்சி அடியுங்கள். உலை மூட்டினால்தான் ஐயாவுக்குக் கரிக்காசாவது மிஞ்சும்.

ஐயா, அடுத்த பட்டையை பாய் எடுத்து வைத்துவிட்டார். அறுப்பு முடிந்ததும் வருகிறேன். அந்தக் கத்தி நம் பட்டறை அம்மாவுக்கு.

நன்றியுடன்,
மானாமதுரையிலிருந்து உங்கள் பிள்ளை