ஆண்டறிக்கை: வறட்சித் திடலும், விடியலுக்கு முன் வராத உறுப்பினர்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழுவினரே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். கடந்த ஆண்டின் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழுக் கூட்டங்கள் நடந்தன. கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கை சேராமல் சில ஒத்திவைக்கப்பட்டன. விதைப் பரிமாற்ற நாள் வழக்கம்போல் நடந்தது. மரக்கன்றுகள் நடப்பட்டன. நட்டபின் தண்ணீர் ஊற்றப் பெயர் கொடுத்தவர்கள் யார் யார் என்பது பதிவேட்டில் இருக்கிறது. ஊற்றியவர்கள் யார் என்பது கன்றுகளுக்குத் தெரியும். நூலகத்திலிருந்து இரவல் போன புத்தகங்கள் திரும்பியபாடில்லை.

ஆண்டின் பெரும்பகுதி, பயிர் வறட்சியை எப்படித் தாங்குகிறது என்று அளந்து பார்க்கும் நம் வறட்சித் திடலுக்கே போனது. சங்கமே செயலாளரின் திடலாகிவிட்டது என்று ஒரு பேச்சு உலவுவதை அறிவேன். ஆகவே அங்கே என்ன நடந்தது, எதற்காக நடந்தது என்பதைச் சற்று விரிவாகவே பதிவு செய்கிறேன்.

நம்மில் பெரும்பாலோர் மத்தியானம் இலை தொங்குவதைப் பார்த்துத் தண்ணீர் திறக்கிறோம். தொங்காத பயிரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டுமே கணக்குத் தப்பியவை. வெயில் உச்சத்தில் வேர் உறிஞ்சுவதைவிட இலை வேகமாக இழக்கிறது. மண்ணில் ஈரம் போதுமான அளவு இருந்தாலும் சூரியகாந்தி, பூசணி போன்றவை துவளும், சாயங்காலம் நிமிரும். மக்காச்சோளமும் தட்டைப்பயறும் வேறு ரகம். மண் காய ஆரம்பித்ததுமே அப்சிசிக் அமிலம் எனும் ஹார்மோன் இலையில் கூடுகிறது. இலைத்துளையின் காப்புச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது. செல்கள் விறைப்பிழந்து துளை மூடிக்கொள்கிறது. இலையின் நீர்நிலை பெரிதாக இறங்காது, பார்வைக்குப் பயிர் நன்றாகவே இருக்கும். ஆனால் துளை மூடினால் கரியமில வாயுவும் உள்ளே வராது. வாடாமல் நிற்கிறது என்று நாம் பெருமைப்படும் நாட்களில் அது வளர்வதையே நிறுத்தியிருக்கும்.

எனவே கண்ணை நம்பாமல் அளந்து பார்ப்பதுதான் திடலின் நோக்கம். பிரஷர் சேம்பர் எனும் அழுத்தக்கலக் கருவி நம்மிடம் இருக்கிறது. 1965இல் ஷோலண்டர் குழுவினர் புகழ்பெறச் செய்த அதே முறை. இலை எவ்வளவு இழுவிசையில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறதோ, அதே அளவு அழுத்தம் கொடுத்தால் காம்பின் வெட்டுமுகத்தில் சாறு எட்டிப்பார்க்கும். அந்த அழுத்தத்தின் முன் கழித்தல் குறி போட்டால் இலையின் நீர்நிலை கிடைத்துவிடும்.

பயிற்சிக்கு வராதவர்களுக்காக முறையை இங்கேயே எழுதிவிடுகிறேன். இலையைப் பறிக்கும் முன்பே பிளாஸ்டிக் உறையால் மூடிவிட வேண்டும். உறையோடுதான் கலத்துக்குள் போக வேண்டும். காம்பைப் புது பிளேடால் ஒரே வெட்டாக வெட்டுங்கள். சரியாக வரவில்லை என்று மறுபடி நறுக்கினால் அளவு கெட்டுப்போகும். அந்த இலையை எறிந்துவிட்டு வேறு இலை எடுப்பதே மேல். மூடியின் ரப்பர் துளை வழியாகக் காம்பு சில மில்லிமீட்டர் மட்டும் வெளியே நீட்டியிருக்கட்டும். நொடிக்குக் கால் பார் (பார் என்பது அழுத்த அலகு) அளவில் நைட்ரஜனை மெல்ல ஏற்ற வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் சாறு வந்த கணத்தைத் தாண்டிப்போய், இல்லாத தாகத்தை எழுதிக்கொள்வோம். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கும்போது வெளிறிய வெட்டுமுகம் சட்டென்று நிறம் அடர்ந்து நனையும். அதுதான் கணக்கு. குமிழி வந்தால் அது சாறல்ல. ரப்பர் சரியாகப் பிடிக்கவில்லை அல்லது காம்பு கீறியிருக்கிறது. பால் வடியும் செடிகளில் முதலில் வருவது பால். காகிதத்தால் ஒற்றியெடுத்துவிட்டுத் தெளிந்த நீருக்குக் காத்திருக்க வேண்டும். முகத்தைக் காம்புக்கு நேர் மேலே கொண்டுபோகக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் கருவியைத் தொடக் கூடாது. அழுத்தமானி பூஜ்யத்துக்கு வராமல் மூடியைத் திறக்கவே கூடாது.

இதில் மிக முக்கியமானது நேரம். சூரியன் எழுவதற்கு முன் எடுக்கும் அளவே அடிப்படை அளவு. இரவெல்லாம் இலைத்துளை மூடியிருப்பதால் செடியும் வேர்ப்பகுதி மண்ணும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்திருக்கும். விடியலுக்கு முன் 2 முதல் 5 பார் இழுவிசை என்றால் பெரும்பாலான பயிர்களுக்கு மண்ணில் ஈரம் போதும். அந்த அளவு நன்றாக இருந்து, மத்தியான அளவு மட்டும் ஆழ இறங்கினால் அது வெயிலின் வேலை, மடையைத் திறக்காதீர்கள். விடியல் அளவே நாளுக்கு நாள் இறங்கினால் மண் காய்கிறது என்று பொருள். இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் கருவியே. ஒன்பது மணிக்கு வந்து "இன்று என்ன அளவு?" என்று கேட்டவர்கள் பலர். விடியலுக்கு முன் டார்ச் பிடிக்க வந்தவர்கள் பெரும்பாலும் அதே இரண்டு மூன்று பேர்தான். பெயர் குறிப்பிட வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். வராதவர்கள் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

நைட்ரஜன் சிலிண்டர் பருவத்தின் பாதியிலேயே காலியானது. மறுபடி நிரப்பச் சந்தாப் பணம் வந்து சேரவில்லை. அதன்பின் மாற்று வழிகளில் ஓட்டினோம். முதலாவது, அகச்சிவப்பு வெப்பமானி. நீராவி வெளியேறும் இலை தன்னைத்தானே குளிர்த்திக்கொள்ளும். துளை மூடிய இலை சூடேறும். உச்சிவெயில் தாண்டி ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள், மேகமற்ற வானத்தில், வெயில் முதுகுக்குப் பின் இருக்குமாறு நின்று, வெற்று மண் பார்வைக்குள் விழாதபடி சாய்வாகப் பிடித்து அளக்க வேண்டும். பக்கத்திலேயே நன்றாகத் தண்ணீர் பாய்ச்சிய ஒரு பாத்தி ஒப்பீட்டுக்குக் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாமல் எடுத்த எண்ணுக்கு மதிப்பில்லை. இரண்டாவது, ஒப்பு நீர்ச்சத்து: முழுதாக ஊறினால் இலை கொள்ளும் நீரில் இப்போது எத்தனை விழுக்காடு இருக்கிறது என்ற கணக்கு. இலை வட்டுகளை நறுக்கி உடனே எடை போட்டு, காய்ச்சி வடித்த நீரில் 4 மணி நேரம் மிதக்கவிட்டு, மேல்நீரை ஒற்றியெடுத்து எடை, பின் 70 முதல் 80 டிகிரி சூட்டில் ஒரு நாள் உலர்த்தி எடை. பச்சை எடையிலிருந்து உலர் எடையைக் கழித்து, ஊறிய எடையிலிருந்து உலர் எடையைக் கழித்ததால் வகுத்து, நூறால் பெருக்கினால் போதும். தராசு துல்லியமாக இருக்க வேண்டும். நம் தராசு யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் சொல்லலாம். மண் தண்ணீரைப் பிடித்திருக்கும் இழுவிசையை அளக்கும் டென்சியோமீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை: 80 சென்டிபாருக்கு மேல் அதன் நீர்த்தம்பம் அறுந்து காற்று புகுந்துவிடும். உண்மையான வறட்சியில் அது காட்டும் எண்ணை நம்பி உட்காராதீர்கள்.

எந்த ரகம் வறட்சி தாங்கும் என்பதுதான் ஆண்டு முழுவதும் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி. தாங்கும் பயிர் என்றால் மற்றவை உறிஞ்ச முடியாத கடைசிச் சொட்டையும் உறிஞ்சிவிடும் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. 1912இலேயே பிரிக்ஸ், ஷாண்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் பலவகைச் செடிகளை ஒரே மண்ணில் வாடவிட்டுப் பார்த்தார்கள்; வாடும் நேரத்தில் மண்ணில் மிஞ்சும் ஈரம் செடிக்குச் செடி அதிகம் மாறவில்லை, மண்ணுக்கு மண்தான் மாறியது. பாடநூல்கள் நிரந்தர வாடல் எல்லையாக வைக்கும் 15 பாரைத் தாண்டி மண்ணில் எடுப்பதற்குத் தண்ணீர் மிகக் கொஞ்சம். வறண்ட நிலப் புதர்கள் சில 50 பார் இழுவிசையைத் தாண்டியும் உயிரோடிருக்கும். ஆனால் அது பிழைத்துக்கிடப்பதற்கு, விளைவதற்கு அல்ல. பயிருக்கு உதவுபவை வேறு: ஆழத்து ஈரத்தை எட்டும் வேர், இருப்பதைக் கதிர் முற்றும்வரை நீட்டும் சிக்கனம், வறட்சிக்கு முன்பே முடித்துவிடும் குறுகிய வயது. நெல்லில் வேர் இறங்கும் கோணத்தை மாற்றும் டிஆர்ஓ1 மரபணுவை ஆழவேர் ரகமான கினந்தாங் படோங்கிலிருந்து மேலோட்ட வேருடைய ஐஆர்64க்கு மாற்றியபோது, வறட்சியிலும் அதன் விளைச்சல் மேம்பட்டது என்று 2013இல் வெளியானது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து நனைப்பவர்கள் இதற்கு நேரெதிரான வேரைத் தாங்களே வளர்க்கிறார்கள்.

தண்ணீர் குறைவு என்றால் எந்தப் பருவத்துக்கு ஒதுக்குவது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மக்காச்சோளத்தில் பூக்கும் சமயத்தின் முன்னும் பின்னுமான இரு வாரங்கள்: வறட்சியில் ஆண்பூ நேரத்துக்கு மகரந்தம் கொட்டிவிடும், பெண்கதிரின் பட்டிழை தாமதமாக வெளிவரும், கதிரில் மணி பிடிக்காது. நெல்லில் கதிர் வெளிவந்து பூக்கும் நேரம். கதிர், கடைசி இலையான கண்ணாடி இலையின் உறைக்குள்ளேயே பாதி சிக்கிக்கொண்டு பதராகும். நிலக்கடலையில் விழுது இறங்குவதும் காய் திரள்வதும். மேல்மண் இறுகிவிட்டால் விழுது உள்ளே இறங்காது. கடைசி சில வாரங்கள் காய்ந்து மண்ணும் சூடாக இருந்தால் காயில் அஃப்லடாக்சின் நஞ்சைச் சுரக்கும் பூஞ்சை ஏறும். எடை குறைவது ஒரு நஷ்டம். இது சாப்பிடவே ஆகாது.

சோளம் பற்றி ஓர் எச்சரிக்கை. மெழுகுப் பூச்சு, சுருளும் இலை, ஆழ்ந்த வேர் என்று திடலில் நன்றாகத் தாக்குப்பிடித்தது சோளம்தான். ஆனால் வறட்சியில் குன்றிய இளஞ்சோளத்தையும், மழைக்குப்பின் துளிர்க்கும் மறுதாம்பையும், அதிலும் 60 சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரத்தில், மாட்டுக்குப் போடக் கூடாது. ஹைட்ரோசயனிக் அமிலம் சில நிமிடங்களில் மாட்டைச் சாய்க்கும். நன்கு காயவைத்தால் அந்த நஞ்சு பெருமளவு குறையும். தண்டின் அடியில் சேரும் நைட்ரேட்டும் நஞ்சுதான், அது காய்ந்தாலும் போகாது. இந்தச் செய்தியைச் சுற்றறிக்கையாகவே அனுப்பினேன். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுத் திருப்பியவர்கள் மிகச் சிலரே.

வறட்சியைத் தாங்குவதற்காக, விதைப்புக்கு முன் சோள விதையைக் கடினப்படுத்தும் செயல்விளக்கமும் நடந்தது: லிட்டருக்கு 20 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், கிலோ விதைக்கு 350 மில்லி கரைசல், 6 மணி நேரம் ஊறல், பிறகு நிழலில் பழைய ஈரநிலைக்கு உலர்த்தல். கூடுதல் நேரம் ஊறினால் முளை எட்டிப்பார்க்கும். அந்த விதை உலர்த்தும்போதே சாகும். இலையில் வெண்பூச்சாகப் படிந்து வெயிலைத் திருப்பும் கயோலின் களிமண் தெளிப்பும் பார்த்தோம். லிட்டருக்கு 60 கிராம், அடிக்கடி கலக்கிக்கொண்டே தெளிக்காவிட்டால் முனை அடைத்துக்கொள்ளும்.

மரங்களுக்கு வருவோம். பயிர் வாடும், தேறும். மரத்தின் ஆபத்து, வேரிலிருந்து நீரை மேலேற்றும் சைலம் குழாய்க்குள் இருக்கிறது. இழுவிசை எல்லை மீறினால் நீர்த்தாரை அறுந்து குழாய்க்குள் காற்று புகும். அறுந்த கயிற்றால் தண்ணீர் இறைக்க முடியாது. 2012இல் வெளியான ஓர் ஆய்வு உலகின் 81 இடங்களிலிருந்து 226 மர இனங்களைத் தொகுத்துப் பார்த்தது. ஏறத்தாழ 70 விழுக்காட்டு இனங்களுக்கு அந்த எல்லைக்கு முன் 10 பார் இடைவெளிகூட இல்லை; மழைக்காட்டு மரமானாலும் வறள்நில மரமானாலும் இதே கதை. அதனால்தான் வறட்சி முடிந்து மழை பெய்தபின், பல மாதம் கழித்தும் மரம் சாகிறது. காற்றடைத்த குழாய் பெரும்பாலும் மீள்வதில்லை, புது மரத்திசு வளர்ந்துதான் ஈடுகட்ட வேண்டும். பட்டைத்துளைப்பான்கள் அந்த இடைவெளியில் வந்துவிடும்.

மரம் இலையை உதிர்த்தால் பதற வேண்டாம், அது தானாகவே செலவைக் குறைத்துக்கொள்கிறது. கருகிய இலை உதிராமல் கிளையிலேயே தொங்கினால்தான் பயப்பட வேண்டும். உதிர்க்கும் அடுக்கை உண்டாக்கக்கூட அந்தக் கிளைக்கு அவகாசம் கிடைக்கவில்லை. பட்டையை நகத்தால் கீறி உள்ளே பச்சை இருக்கிறதா பாருங்கள். பச்சை தெரிந்தால் கோடரியை எடுக்காதீர்கள். தூரில் குடம் குடமாக ஊற்றுவதில் பயனில்லை, உறிஞ்சும் வேர் கிளை விளிம்பின் நிழலை ஒட்டியே அதிகம். வறட்சியில் தழைச்சத்து இடுவது தாகத்தைக் கூட்டும்.

தென்னை உறுப்பினர்களுக்கு: குருத்துக்குள் பாளை கருக்கொள்வதிலிருந்து அது விரிய ஏறக்குறைய 32 மாதம், காய் முற்ற இன்னும் 12 மாதம். இந்த ஆண்டுக் காய் குறைவுக்குப் போன மாதம் போட்ட உரத்தைக் குறை சொல்லாதீர்கள், முந்தைய கோடைகளை நினைத்துப் பாருங்கள். 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டப்பாத்தியில் சுமார் 100 உரிமட்டைகளைக் குவிந்த முதுகு மேலே இருக்குமாறு அடுக்குங்கள், அல்லது நார்க்கழிவை 10 சென்டிமீட்டர் பரப்புங்கள். மற்ற மரங்களுக்கும் மூடாக்கு நல்லதே, ஆனால் அடிமரத்தைத் தொடாமல்.

கணக்கு பொருளாளர் வசம் இருக்கிறது. வரவும் செலவும் ஏறத்தாழ ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. சிறு பற்றாக்குறை தற்காலிகமாகச் சரிசெய்யப்பட்டது, யாரால் என்பதைக் கூறத் தேவையில்லை. சந்தா பாக்கி பட்டியல் நீண்டிருக்கிறது. பட்டியலில் இருப்பவர்களில் சிலர், திடலுக்கு எவ்வளவு செலவானது என்று அதிகம் விசாரித்தவர்கள் என்பது தற்செயலாகவே இருக்கும்.

திடலுக்கு நிலம் தந்தவர், தண்ணீர் தந்தவர், மூடாக்கு சுமந்தவர்கள், தலைவர், பொருளாளர், தணிக்கையாளர் ஆகியோருக்குச் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில் திடலைத் தொடர்வதா என்பதைப் பொதுக்குழுவே தீர்மானிக்கட்டும். தொடர்ந்தால் சிலிண்டர் நிரம்ப வேண்டும், கலத்தின் ரப்பர் வளையங்கள் மாற்றப்பட வேண்டும், விடியல் அளவுக்கு முறைவைத்து ஆட்கள் வேண்டும். செயலாளர் பொறுப்பை வேறு ஒருவர் ஏற்க முன்வந்தால் கருவி, பதிவேடு, கிடங்குச் சாவி மூன்றையும் இன்றே ஒப்படைக்கத் தயார். யாரும் முன்வராவிட்டால், முறைப் பட்டியல் வாசலருகே மேசையில் இருக்கிறது. பொருளாளரும் ரசீதுப் புத்தகத்தோடு அதே மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்