செயலாளர் ஆண்டறிக்கை: இது கபேன் வருஷம்

தலைவருக்கும் கமிட்டிக்கும் உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். போன பொதுக்குழுவுல முடிவு பண்ணபடி நம்ம திரைப்படச் சங்கத்துல இந்த வருஷம் முழுக்க ஒரே நடிகரோட படங்கள், பிரான்ஸோட ழான் கபேன். பாதிப் பேரு இன்னொரு பிரெஞ்சு நடிகர் அலன் டெலோன் படம் போடுங்கன்னு கேட்டீங்க, நியாயம்தான், ஆனா அந்த டெலோனே 1963லயும் 1969லயும் இவரு பக்கத்துல நின்னு நடிச்சவருதான், அதான் பெரியவர்ட்ட இருந்து ஆரம்பிச்சோம்.

ஆளு 1904ல பாரிஸ்ல பொறந்தவரு. அப்பா அம்மா ரெண்டு பேருமே மேடைக் கலைஞர்கள், கபேன்ங்கறதே அப்பா மேடைக்கு வச்சிக்கிட்ட பேருதான். சின்ன வயசுல ரயில் டிரைவர் ஆகணும்னு ஆசையாம், 1938ல இயக்குநர் ரெனுவார் எடுத்த 'லா பெத் யூமேன்'ல நிஜ எஞ்சின்லயே ஏறி நின்னு அந்த ஆசைய தீர்த்துக்கிட்டாரு. 'பெப்பே லெ மோக்கோ', 'லா கிராந்த் இலூசியோன்' ரெண்டும் 1937, ரெண்டுக்கும் கூட்டம் நல்லா வந்துச்சு. சப்டைட்டில் தள்ளித்தள்ளி வந்ததுக்கு ஏற்கனவே திட்டு வாங்கியாச்சு, மறுபடி ஆரம்பிக்காதீங்க.

1941ல ஹாலிவுட் போனாரு, அங்க ரெண்டு படம், நடிகை மார்லின் டீட்ரிச்சோட காதல். அதையெல்லாம் விட்டுட்டு, ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மனிய எதிர்த்து நின்ன சுதந்திர பிரான்ஸ் கடற்படையில சேர்ந்து, அப்புறம் நாப்பது வயசுல டாங்க் கமாண்டரா ஜெர்மனி வரைக்கும் போயிருக்காரு. திரும்பி வந்தா தலை நரைச்சிருச்சு, மார்க்கெட்டும் போச்சு.

என்னைக் கேட்டா நிஜமான கபேன் அதுக்கப்புறம்தான். 1954ல ஜாக் பெக்கர் எடுத்த 'துஷே பா ஓ கிரிஸ்பி' போட்ட அன்னைக்கு ஹால்ல ஒரே சிரிப்பு, தங்கக் கட்டி கொள்ளையடிச்ச ரவுடியா வர்ற கபேன் தன் கூட்டாளிய வீட்டுக்கு கூட்டிட்டு வந்து ரஸ்க்ல கறி விழுது தடவி ஒயினோட குடுக்கறாரு, பைஜாமா எடுத்து குடுக்கறாரு, அப்புறம் பல்லு வெளக்கிட்டு படுக்கறாங்க, துப்பாக்கியே இல்ல, ஆனா வயசாயிடுச்சுங்கறது கண்ணாடிய பாக்கற அந்த மூஞ்சிலயே தெரியுது. நம்மாளுங்க யாரும் இப்படி ஒரு சீனுக்கு ஒத்துக்குவாங்களான்னு ஒருத்தர் கேட்டாரு, யாரும் பதில் சொல்லல.

1971ல வந்த 'லெ ஷா' (பூனை) படத்துல நடிகை சிமோன் சின்யோரேயும் இவரும் ஒரே வீட்டுல பேசிக்காம வாழற புருஷன் பொண்டாட்டி. ரெண்டு பேருக்குமே பெர்லின் திரைப்பட விழாவுல நடிப்பு விருது. ஜோடியா வந்த உறுப்பினர்கள் அன்னைக்கு டீ கூட குடிக்காம கிளம்பிட்டீங்க, காரணம் கேக்கல.

நமக்குள்ள பெரிய சண்டை நடந்தது, பிரான்ஸ்ல நார்மண்டிங்கற பகுதியில கபேன் வச்சிருந்த பண்ணை மேட்டர்லதான். நெலம் வாங்கி மாடு வளத்தாரு, 1962ல நூத்துக்கணக்கான விவசாயிங்க ராத்திரி வீட்ட சூழ்ந்துக்கிட்டு, இளசுகளுக்கு நெலத்த குத்தகைக்கு விடுன்னு நின்னுட்டாங்க. திரையில தொழிலாளியா வாழ்ந்த ஆளு நெஜத்துல பண்ணையாரான்னு ஒரு பக்கம், சொந்தக் காசுல வாங்கினதுக்கு என்ன தப்புன்னு இன்னொரு பக்கம், வாட்ச்மேன் வந்து லைட்ட ஆஃப் பண்ண பிறகும் வாசல்ல தொடர்ந்துச்சு. நான் விவசாயிங்க பக்கம், அது செயலாளர் கருத்து இல்ல.

1976 நவம்பர்ல காலமானாரு, கேட்டுக்கிட்டபடியே சாம்பல கடற்படைக் கப்பல்ல கொண்டுபோய் கடல்ல கரைச்சாங்க.

வரவு செலவ பொருளாளர் வாசிப்பாரு. அடுத்த வருஷத்துக்கு சின்யோரேன்னு கமிட்டி முன்மொழியுது, டெலோன் கோஷ்டி இன்னைக்கே கையத் தூக்கிடுங்க. சந்தா பாக்கி இருக்கறவங்க கட்டிட்டுத் தூக்குங்க.